கப்பலில் எல்லாமே நல்லாயிருந்தது

கப்பல் பயணம் முடிந்து வந்த நாளிலிருந்து கொழும்பு வெள்ளவத்தையில் என்னைக் காண்கிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். கடல் எப்படி இருந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. கடல் எங்கள் லேன் முடிவிலேயே கிடக்கிறது. ரயில் பாதையைத் தாண்டினால் கால் நனைந்துவிடும். அதை யார் விசாரிக்கப் போகிறார்கள்? மெல்பேர்னிலிருந்து வந்த மகளோடும் மருமகனோடும் இருந்தது எப்படி என்றும் கேட்பதில்லை. பஃபேயில் டெசர்ட் எப்படி, அதுதான் கேள்வி. மார்க்கெட்டில் மரக்கறி நிறுத்துக்கொண்டிருந்த சிங்களக் கடைக்காரர் கூட, தராசை அப்படியே பிடித்துக்கொண்டு, கப்பலில் புடிங் எல்லாம் நல்லதா நோனா என்று சிங்களத்தில் விசாரித்தார்.

கேட்பதில் நியாயம் இருக்கிறது. நான் வீட்டில் கேக் செய்து கொடுக்கிறவள். பிறந்தநாள், சாமத்தியவீடு, கலியாணம், கிறிஸ்மஸ் நத்தார் எல்லாவற்றுக்கும் எங்கள் பக்கத்தில் என்னிடம்தான் வருவார்கள். போதாததற்கு, கப்பல் பயண வீடியோ பார்க்காத ஆள் இப்போது எங்கள் லேனில் கிடையாது. அந்த வீடியோக்களில் எல்லாரும் முதலில் படம் பிடிப்பது டெசர்ட் மேசையைத்தான். கேக்குக்காரி ஒருத்தி கப்பலேறிப் போய்வந்திருக்கிறாள், அவள் வாயால் தீர்ப்பைக் கேட்போம் என்று நினைக்கிறார்கள். நான் ஏதோ சொல்லிச் சமாளித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறேன்.

உண்மை என்னவென்றால், அந்தக் கப்பலில் நான் ஒரு டெசர்ட்டைக் கூட வாயில் வைக்கவில்லை. பழம் சாப்பிட்டேன். பழம் எங்கேயும் பழம்தான்.

நான் பிறந்ததிலிருந்து சைவம். மீன், இறைச்சி மட்டுமல்ல, முட்டையும் இல்லை. முட்டையை உடைப்பேன், வெள்ளையையும் மஞ்சளையும் பிரிப்பேன், நுரை பொங்க அடிப்பேன், பிறகு கையைக் கழுவிக்கொண்டு போய் சாமி விளக்கேற்றுவேன். வாயில் வைக்க மாட்டேன். இதைக் கேட்டதும் புதிதாக வருகிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். ருசி பார்க்காமல் எப்படிக் கேக் போடுகிறீர்கள் அன்ரி என்பார்கள். எனக்குச் சுள்ளென்று வரும். எங்கள் ஆட்களில் மச்சம் தொடாத பொம்பிளைகள் எத்தனை பேர் காலம் முழுக்க மற்றவர்களுக்கு மீன் குழம்பு வைத்துக் கொடுக்கவில்லையா? கொதிக்கிற மணத்தில் உப்புத் தெரியும். இதெல்லாம் ஒரு பெரிய புதினமா?

ஆனால் மணம் ஒரு எல்லை வரைக்கும்தான். வெண்ணெய் காறியிருக்கிறதா, வனிலா கூடிவிட்டதா, அடி பிடிக்கப் போகிறதா என்பதையெல்லாம் அறையில் படுத்திருந்தே சொல்லிவிடுவேன். இனிப்பு எங்கே நிற்கிறது, மா தொண்டையில் அடைக்கிறதா என்பது மூக்குக்குத் தெரியாது. அதற்கு என் வீட்டுக்காரர் இருந்தார். என்னுடைய மூக்கும் அவருடைய நாக்கும் சேர்ந்து செய்ததுதான் இத்தனை வருஷக் கேக்கும்.

அவர் கொள்ளுப்பிட்டியில் ஒரு கணக்காளர் அலுவலகத்தில் இருந்தவர். வேலை நாட்களில் பின்னேரம் வீட்டுக்கு வந்து, சேர்ட்டைக் கழற்றுவதற்கு முன்னாலேயே ஒரு துண்டை எடுத்துக்கொண்டு ஜன்னலடியில் போய் நிற்பார். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுவார். நான் அதைக் கவனிக்காதவள் மாதிரி மேசையைத் துடைத்துக்கொண்டிருப்பேன். "ஏலக்காய் முந்துது" என்பார். "போனமுறை இதைவிட மெத்து" என்பார். புகழுகிற பழக்கம் மனிதருக்குக் கிடையாது. ஒரு கேக் உண்மையிலேயே திறமாக வந்துவிட்டால், "குறை சொல்ல ஒண்டுமில்லை" என்று விட்டு முகம் கழுவப் போவார். அதுதான் எனக்குப் பட்டமும் பதக்கமும். நல்லாயிருக்கு என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. அது பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிற சொல் என்பார். ருசி தெரிந்தவன் எது நல்லாயிருக்கு, எது காணாது என்று பிரித்துச் சொல்ல வேண்டும் என்பது அவருடைய வாதம்.

ஓய்வு பெற்ற பிறகும் இது தொடர்ந்தது. பார்க்கப் போனால் கூடியது. முன்பு நாளுக்கு ஒருமுறை என்றால் பிறகு மாவைக் குழைக்கும்போதே ஒருமுறை எட்டிப் பார்ப்பார். போன வருஷம் மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்து படுத்து எழும்பினார். அதற்குப் பிறகு ஒரு புதுப் பழக்கம் தொடங்கியது. துண்டை ஜன்னலடியில் வைத்துச் சாப்பிடாமல், ஒரு சின்னத் தட்டில் எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போய்விடுவார். கொஞ்சம் காற்றோட்டமாக நின்று சாப்பிட்டால்தான் ருசி பிடிபடுகிறது என்றார். சரி, வயது போகப் போக ஆம்பிளைகளுக்கு ஒவ்வொரு கிறுக்கு வரும் என்று நான் விட்டுவிட்டேன். திரும்பி வந்து சொல்லுகிற தீர்ப்பில் ஒரு பிழையும் இருக்கவில்லை. எலுமிச்சந்தோல் துருவல் கொஞ்சம் கசக்கிறது என்று ஒருநாள் சொன்னார். யோசித்துப் பார்த்தால் அன்றைக்கு வெள்ளைப் பகுதியும் சேர்த்துத்தான் துருவியிருந்தேன்.

நத்தார் வந்தபோது இன்னொரு கூத்து. ரிச் கேக்குக்கு ஓர்டர் குவிந்து கிடக்கிற நேரம், ரவையும் கஜுவும் பிராந்தியில் ஊறின திராட்சை வற்றலுமாக வீடே மணக்கிறது. இவர் ஒரு துண்டை டிஃபின் பெட்டியில் வைத்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் புறப்படுவார். பழைய அலுவலகச் சிநேகிதர் ஒருவர் அங்கே இருக்கிறார், கத்தோலிக்கர், அவருக்கு நத்தார்க் கேக் கொடுக்க வேண்டுமாம். காலி வீதியில் பஸ் ஏறி, புறக்கோட்டையில் மாறி, அந்தச் சனத்துக்குள் இடிபட்டுப் போய்வருவார். எனக்கு ஒரு பக்கம் சந்தோஷம்தான். வீட்டில் பத்திரிகையைப் புரட்டிக்கொண்டு சோர்ந்து கிடந்த மனிதர் வெளியில் போய்வருகிறாரே என்று நினைத்தேன். திரும்பி வந்ததும், "பிராந்தி நல்லா ஊறேல்லை, இன்னும் ரெண்டு நாள் விடும்" என்பார். நானும் விடுவேன். அந்த நத்தாருக்கு ஒருவரும் ஒரு குறையும் சொல்லவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் மகள் போனில் கப்பல் யோசனையோடு வந்தாள். சிங்கப்பூர் வரைக்கும் விமானத்தில் வாருங்கள், அங்கிருந்து எல்லாரும் கப்பலில் போவோம், அம்மா ஒருமுறையாவது அடுப்படியை விட்டு வெளியே வரவேண்டும் என்றாள். நான் மாட்டேன் மாட்டேன் என்று கடைசிவரை சொல்லிவிட்டு, பெட்டியை மட்டும் எல்லாருக்கும் முதல் கட்டி வைத்தேன்.

சும்மா சொல்லக்கூடாது, டெசர்ட் மேசையைக் கண்டதும் எனக்கு மூச்சே நின்றுவிட்டது. எங்கள் ஃபிளாட்டின் ஹோலை விடப் பெரிய இடம், நடுவில் வட்டமாக மேசை, அதில் தட்டுத்தட்டாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். சீஸ் கேக், சாக்லேட் மூஸ், கரமல் புடிங், பழம் பதித்த டார்ட், பச்சையும் சிவப்புமாக ஜெலி. எல்லாம் ஒரே உயரம், ஒரே வெட்டு, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு புதினா இலை. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தேன். ஸ்பொஞ்ச் வெட்டின இடத்தில் துளைகள் ஒரே அளவாக இருந்தன. சாக்லேட் பூச்சு முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது. மகள் வந்து, அம்மா இன்ஸ்பெக்டர் மாதிரி நிற்காதீங்கோ, சமையல்காரர்கள் பயப்படப் போகிறார்கள் என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

ஆனால் ஒன்று எனக்கு உறுத்தியது. அத்தனை இனிப்பு அடுக்கின மேசையில் மணமே இல்லை. குளிர்பெட்டியைத் திறந்தால் வருமே, அந்த வெறும் குளிர் மணம்தான் வந்தது. ஆயிரம் பேருக்குச் செய்கிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். இனி நாக்குத்தான் சொல்ல வேண்டும். அந்த நாக்கு என் பக்கத்தில்தானே உட்கார்ந்திருக்கிறது?

அவருக்கு ஒரு தட்டு நிறைய எடுத்துக்கொண்டு வந்து வைத்தேன். சீஸ் கேக்கில் ஒரு கரண்டி எடுத்தார். எப்படி என்று கேட்டேன். "நல்லாயிருக்கு" என்றார்.

நான் சரியாகக் கேட்கவில்லையோ என்று பார்த்தேன். மூஸ் எப்படி என்றேன். அதுவும் நல்லாயிருக்காம். கரமல் புடிங்? நல்லாயிருக்கு. டார்ட்? நல்லாயிருக்கு. அங்கே நின்ற வெயிட்டர் பொடியன் கேட்டிருந்தால் அவனுடைய தொப்பியும் நல்லாயிருக்கு என்று சொல்லியிருப்பார்.

எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது. இதை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். பொறாமைதான். இத்தனை காலம் அடுப்பு வெக்கையில் நின்று, கை நோக அடித்து, நான் செய்த கேக்குக்கு அந்த ஒரு சொல்லைத் தர மனம் வராத மனிதர், யாரோ மெஷினில் செய்து வைத்த குளிர்ச் சாமானுக்கு அதை அள்ளி வீசுகிறார். அன்றைக்கு முழுக்க நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தேன். மேல்தளத்தில் போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் வந்து நின்று, என்னப்பா, தலை சுத்துதோ என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

அடுத்த நாள் காலையில் மகள் போட்டாள் ஒரு குண்டு. இந்தக் கப்பலில் எல்லாம் சரி அம்மா, டெசர்ட் மட்டும் மோசம் என்றாள். பார்க்கத்தான் வடிவு, எதை எடுத்தாலும் ஒரே ருசி, சீனி போட்ட நுரை என்றாள். மருமகனும் தலையை ஆட்டினார். அப்பா எல்லாம் நல்லாயிருக்கு என்கிறாரே என்று நான் கேட்டேன். அப்பாவுக்கு நாங்கள் கூட்டிக்கொண்டு வந்ததில் சந்தோஷம், மனம் நோகக்கூடாது என்று சொல்கிறார் என்று மகள் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் மனம் நோகக்கூடாது என்று பேசுகிற ஆள் இல்லை. சொந்த மகள் முதன்முதலாகப் போட்ட பட்டர் கேக்கை, இதைக் கதவு அடிபடாமல் இருக்க வைக்கலாம் என்று சொன்ன மனிதர். அப்படியானால் என்ன? மனிதருக்கு என் கேக் பிடிக்காமல் போய்விட்டதா? அல்லது என் கேக்கும் இந்த நுரையும் அவருக்கு ஒன்றுதானா?  ஊருக்குப் போனதும் ஒரு கலியாணக் கேக் செய்ய வேண்டியிருந்தது, பெரியது. அதை எந்தத் தீர்ப்பை நம்பிச் செய்வது?

அன்றைக்கு மத்தியானம் மகளும் மருமகனும் சாப்பிட்டுவிட்டு நீச்சல் குளத்துக்குப் போய்விட்டார்கள். நாங்கள் இரண்டு பேரும் ஜன்னலோர மேசையில் இருந்தோம். அவர் தானே போய் ஒரு தட்டில் பிரெட் புடிங்கும், அதன் மேல் ஒரு வெள்ளைக் கஸ்டர்ட்டும், எனக்கு ஒரு கிண்ணத்தில் பப்பாசியும் கொண்டுவந்தார். கரமல் புடிங்கும் ஒன்று இருந்தது. நான் பப்பாசியைச் சாப்பிட்டேன். அவர் பிரெட் புடிங்கைச் சாப்பிட்டார், அவசரமில்லாமல், பாதிக்கு மேல்.

எனக்கு எங்கிருந்தோ வெள்ளைப்பூடு மணத்தது. முதலில் பக்கத்து மேசையைப் பார்த்தேன். அங்கே ஒரு சீனக் குடும்பம் ஐஸ்கிறீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. பிறகு குனிந்தேன். மணம் அவருடைய தட்டிலிருந்து வந்தது. எனக்கு அதை வாயில் வைத்துப் பார்க்கத் தேவையில்லை. பொரித்த மீனுக்குத் தொட்டுச் சாப்பிட வைத்திருந்த வெள்ளைப்பூட்டு மயோனைசை அள்ளி இனிப்புப் புடிங்கின் மேல் ஊற்றிக்கொண்டு வந்திருக்கிறார்.

"இதுக்கு மேல என்னப்பா ஊத்தியிருக்கிறீங்கள்?" என்று கேட்டேன்.

"கஸ்டர்ட்" என்றார்.

"எப்படி இருக்கு?"

"நல்லாயிருக்கு."

நான் தட்டைத் தூக்கி அவருடைய மூக்குக்குக் கிட்டப் பிடித்தேன். மணந்து பாருங்கோ என்றேன். அவர் மணந்து பார்க்கவில்லை. தட்டையும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். பிறகு கரண்டியை மெதுவாக மேசையில் வைத்தார். கையும் களவுமாகப் பிடிபட்ட பள்ளிக்கூடப் பிள்ளையின் முகம் அது.

பிறகு எல்லாம் வந்தது. அந்த மழைக்காலக் காய்ச்சலோடு மணம் போய்விட்டதாம். மணம் போனதும் ருசியும் போய்விட்டது. எனக்குச் சொல்லாமல் ஒரு காது மூக்கு டொக்டரிடம் போயிருக்கிறார். திரும்பி வரலாம், வராமலும் விடலாம், பொறுத்துப் பார்ப்போம் என்று டொக்டர் சொன்னாராம். கேக்கை வாயில் வைத்தால் ஈரப் பஞ்சை மெல்லுகிற மாதிரி இருக்குமாம், உறைப்பு மட்டும் கொஞ்சம் சுடுமாம். இப்போதுதான் எனக்குப் புரிந்தது, ஏன் மனிதர் கொஞ்ச நாளாகச் சோற்றுக்கு மிளகாய்த்தூளைக் கொட்டிக்கொள்கிறார் என்று.

அப்படியென்றால் எலுமிச்சந்தோல் கசக்கிறது என்று எப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.  தட்டை எடுத்துக்கொண்டு காற்று வாங்கவா போனார்? கீழ் வீட்டு ராத்தாவிடம் போயிருக்கிறார். ராத்தா முஸ்லிம் மனுஷி, பெருநாளுக்கு எங்களுக்கு வட்டலப்பம் அனுப்புகிறவர், நல்ல நாக்கு. அவர் சாப்பிட்டுப் பார்த்துச் சொல்ல, இவர் படியேறி வந்து அதைத் தன் வாயால் எனக்குச் சொல்லியிருக்கிறார். நத்தார் ரிச் கேக்கில் பிராந்தி இருக்கும், அதை ராத்தாவிடம் நீட்ட முடியாது. அதற்குத்தான் கொட்டாஞ்சேனைச் சிநேகிதர். ஒரு துண்டு கேக்கின் ருசியை அறிய, அந்த வயதில், இரண்டு பஸ் மாறிப் போய் இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். கப்பலில் ராத்தாவும் இல்லை, கொட்டாஞ்சேனையும் இல்லை. வேறு வழி தெரியாமல் எல்லாவற்றையும் நல்லாயிருக்கு என்று சொல்லி வைத்தார்.

கதைகளில் என்றால் அந்த இடத்தில் பெண்சாதி அழுவாள். எனக்கு அழுகை வரவில்லை, பொல்லாத கோபம் வந்தது. கீழ் வீட்டுக்குத் தெரியும், கொட்டாஞ்சேனைக்குத் தெரியும், ஒரே கட்டிலில் படுக்கிற எனக்குத் தெரியாது. அத்தனை பேர் சாப்பிடுகிற இடத்தில் குரலை உயர்த்தாமல், பல்லைக் கடித்துக்கொண்டு, கிழி கிழி என்று கிழித்தேன். ஒரு வருத்தம் என்றால் முதலில் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று கேட்டேன். அவர் மடியில் கிடந்த நாப்கினை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தார். (ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக ராத்தாவிடமும் சண்டைக்குப் போனேன். உங்கள் வீட்டுக்காரர் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினார், நான் எப்படிச் சொல்ல என்று விட்டு, எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். அதற்கு மேல் என்ன சண்டை பிடிக்கிறது?)

கோபம் ஒரு மாதிரி இறங்கின பிறகுதான் பயம் வந்தது. கலியாணக் கேக் கண் முன்னால் நின்றது. இனி யார் பார்த்துச் சொல்வது? ஒவ்வொரு முறையும் ஊரைக் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா? அவரும் இப்படி எத்தனை நாளைக்குப் படி இறங்கி ஏறுவார்? அந்த நேரத்தில் எனக்கு ஒரு வழிதான் தெரிந்தது. வேறு யார், நான்தான்.

சரி, இனி நானே ருசி பார்க்கிறேன் என்றேன். சொல்லிவிட்டு அந்தக் கரமல் புடிங்கை என் பக்கம் இழுத்தேன். கரண்டியில் ஒரு துண்டு எடுத்தேன். முட்டை மணத்தது.  என் வாய்க்கு இதுவரை இது தெரியாது. அம்மா நினைவுக்கு வந்தார், வீட்டுச் சாமி அறை நினைவுக்கு வந்தது, கதிர்காமத்து முருகன் நினைவுக்கு வந்தார். மனதுக்குள் எல்லாரிடமும் ஒரு மன்னிப்புக் கேட்டேன். தொழிலுக்காகவென்று சொன்னேன். தொழிலுக்காக மட்டுமில்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு மனிதர் தன் நாக்கை இழந்துவிட்டு நிற்கும்போது எனக்கு என்ன பெரிய சைவம் என்ற எண்ணம்தான் அந்தக் கரண்டியைத் தூக்க வைத்தது.

வாய் வரைக்கும் கொண்டுபோய்விட்டேன். அவர் எட்டி என் மணிக்கட்டைப் பிடித்தார்.

வேண்டாம் என்றார். ஒன்றும் நடக்காது, கடவுள் கோபிக்க மாட்டார், விடுங்கோ என்றேன். அவர் விடவில்லை. இறுக்கிப் பிடித்திருந்தார்.

"அதுக்கில்லையப்பா" என்றார்.  எங்களைத் தாண்டி ஆட்கள் தட்டுகளோடு போய்வந்துகொண்டிருந்தார்கள். "நீரே ருசி பார்க்கத் தொடங்கினா, பிறகு என்னை என்னத்துக்குக் கேக்கப் போறீர்?"

எனக்கிருந்த கோபம், பயம் எல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.  அவர் மேசையைப் பார்த்துக்கொண்டு தொடர்ந்து கதைத்தார். ஓய்வு பெற்ற பிறகு அலுவலகத்திலிருந்து கொஞ்ச நாள் போன் வந்தது, பிறகு அதுவும் நின்றது. பாங்க் வேலை எல்லாம் மகள் அங்கிருந்தே போனில் செய்துவிடுகிறாள். ஒரு பல்பு போனால் கூட நீர் கீழே இருக்கிற செக்யூரிட்டிப் பொடியனைத்தான் கூப்பிடுகிறீர் என்றார். இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை, காலநிலை சொல்வது மாதிரிச் சொன்னார்.

"அந்தத் துண்டைத் தந்து எப்படி எண்டு நீர் கேக்கிறீர் பாரும். வேற ஒருத்தரும் இப்ப என்னட்டை ஒண்டும் கேக்கிறேல்லை."

 எங்கள் ஆட்களுக்கு இந்த மாதிரி நேரத்தில் சொல்லுவதற்கு ஒரு வார்த்தையும் பழக்கமில்லை. கலியாணம் கட்டின நாளிலிருந்து உப்புக் காணுமா, இனிப்புக் காணுமா என்பதைத் தவிர நாங்கள் ஒருவரையொருவர் பெரிதாக என்ன கேட்டோம்? ஆனால் அந்தக் கேள்வியை ஒருநாளும் விட்டதில்லை. அதற்குள்தான் எல்லாம் இருந்திருக்கிறது. மணிக்கட்டை விடும்படி கண்ணைக் காட்டினேன். விட்டார். கரண்டியைத் திருப்பி, அந்தக் கரமல் புடிங் துண்டை அவர் பக்கமாக நீட்டினேன்.

"சரி. இது எப்படி எண்டு சொல்லுங்கோ" என்றேன்.

என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். நான் பரிகாசம் பண்ணவில்லை என்று கண்டதும் கரண்டியை வாங்கினார். வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். ருசியும் இல்லாமல் மணமும் இல்லாமல், பல்லுக்கும் நாக்கின் தோலுக்கும் என்ன தெரியுமோ அதை மட்டும் வைத்துக்கொண்டு, வெகுநேரம் மென்றார். நான் நாப்கினை எடுத்து, ஒரு அழுக்கும் இல்லாத மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் கண்ணைத் திறந்தார்.

"ரப்பர்" என்றார். "ஜெலற்றினைக் கொட்டி நிமித்தி வைச்சிருக்கிறாங்கள். இதை நீர் செய்திருந்தீரெண்டா நான் வீட்டை விட்டு வெளியில விட்டிருக்க மாட்டன்."